மயில்நீலமும் அரக்கும்

மீன் கடைக்குச் சட்டைப் பையில் பட்டு நூலை எடுத்துக்கொண்டு போன ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். ஆரணியில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை நெய்து வாங்குவது அவர் தொழில். புடவையில் எந்த உடல் நிறத்துக்கு எந்த பார்டர் எடுக்கும் என்பதில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சென்னையில் அந்த வளர்ப்பு மீன் கடையில் ஒரு கையில் மயில்நீல நூலையும் மறுகையில் அரக்கு நூலையும் பிடித்து, ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாம் அக்காவுக்காக. கல்யாணமான வருஷத்துக்குள்ளேயே ஒரு பையோடு திரும்பி வந்திருந்தாள். அடித்தார்களா என்றால் இல்லை, திட்டினார்களா என்றால் இல்லை. என்னதான் நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அப்பா பத்துப் பொருத்தமும் பார்த்து, ஊர் மெச்சச் செய்த கல்யாணம். அதில் குறை இருக்குமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்களை வைத்துப் பேசி, ஆவணி பிறந்ததும் அவளைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவு செய்துவிட்டார். அதுவரை பெண் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரட்டும் என்றுதான் அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட கடல்மீன் தொட்டியை வாங்கினார். ஆரணிக்கும் கடலுக்கும் என்ன உறவு? உப்புப் பொடியைக் கரைத்து, ஒரு மாதம் மீனில்லாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டுத்தான் மீன் வாங்கப் போயிருந்தோம்.

அப்பா கை காட்டியது டாம்சல் என்கிற நீல மீன் இரண்டு. அதற்கு எடுப்பாக, பாதி வெள்ளையும் பாதி அரக்குமாய் ஒரு ஃபயர் ஃபிஷ்.

"சார், நீலம் முரட்டு மீனு. இது பயந்த சுபாவம். சின்னத் தொட்டியில ஒத்துப்போவாது," என்றார் கடைக்காரர்.

"பக்கத்துல பக்கத்துல வெச்சா என்னமா எடுக்குது பாருங்க. போட்டுக் குடுங்க," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே நீல மீன்கள் தொட்டி முழுவதையும் தங்களுடையதாக்கிக்கொண்டன. ஃபயர் ஃபிஷ் பாறைக்குப் பின்னால் ஒடுங்கியது. மற்றவை தின்று முடித்த பிறகே தலையை நீட்டும். "பழகிடும்மா. புது எடம், கொஞ்ச நாளு அப்படித்தான் இருக்கும்," என்றார் அப்பா. அக்கா மாமியார் வீட்டிலிருந்து ஃபோன் செய்தபோதெல்லாம் அவர் சொன்னதும் இதே வார்த்தைதான்.

ஒரு நாள் காலை ஃபயர் ஃபிஷ் தொட்டிக்கு வெளியே தரையில் காய்ந்து கிடந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல ஒரு காயம்கூட இல்லியேம்மா. எதுக்குக் குதிச்சுது?"

"கடிக்கலப்பா," என்றாள் அக்கா. "வெளிய வந்தா தொரத்தும், அவ்ளோதான். எத்தினி நாளுக்கு ஒளிஞ்சிகினே இருக்கும்? சாவணும்னு குதிக்கலப்பா. வேற எடம் இருக்கும்னு குதிச்சுது."

அப்பா அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மத்தியானம் பெரியவர்களுக்கு ஃபோன் செய்து, "எம் பொண்ண அனுப்பறதா இல்லீங்க," என்றார். நீல மீன்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். தொட்டிக்கு வலை மூடி போட்டு, வேறொரு ஃபயர் ஃபிஷ்ஷைத் தனியாக விட்டாள் அக்கா.

அதன்பிறகு புடவைக்கு நிறம் சேர்க்கும்போதுகூட அவர் கை தயங்கும். அக்காவைக் கூப்பிட்டு, "இது ஒத்துப்போவுமாம்மா?" என்பார். தொட்டி முன்னால் நின்று, "இதுக்குத் தொணையா இன்னொண்ணு பாக்கலாமா?" என்பார். மீனை மட்டும் கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். "பாக்கலாம்பா, ஜல்தி இல்ல," என்பாள் அவள். போன தை மாதம் அப்பா போய்விட்டார். அவளுக்கு ஒரு துணை பார்க்காத ஆற்றாமை அவரோடேயே போனது.

போன வாரம் அக்கா ஒரு மீன் வாங்கி வந்தாள். மணலைக் கிளறித் தின்னும் சாதுவான கோபி மீன். அதன் நிறமும் மணல் நிறம்தான். ஃபயர் ஃபிஷ் ஒளியவில்லை. அதன் பக்கத்திலேயே நின்றது. அக்கா உள்ளே போய், அப்பாவின் சட்டைப் பையில் கிடந்த அந்த இரண்டு நூலையும் எடுத்து வந்து கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். புது மீனுக்கு இரண்டுமே சேரவில்லை.

"அப்பா இருந்தா இத வாங்கியிருக்கவே மாட்டாருடி," என்றாள்.

பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு மீனையும் பார்த்துவிட்டு, "இல்ல, வாங்கியிருப்பாரு," என்றாள். நூலைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே நின்றிருந்தாள்.