கவனக்குறைவான விடை

காரைக்குடியில் எங்கள் பேராசிரியரின் பணி நிறைவு விழா. மனச்சோர்வை அளக்க அவர் உருவாக்கிய வினாத்தாளை எத்தனை நாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திரையில் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

அந்த ஆய்வுக்காகச் சிவகங்கையில் ஒரு கல்லூரிக்குப் போய் மாணவிகளிடம் விடை வாங்கியவள் நான். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி தாளை நீட்டியபடி, "இத யாரு படிப்பாக அக்கா?" என்று கேட்டாள்.

"நாங்க எல்லாருமே படிப்போம்மா."

வாங்கும்போதே பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்' என்றே குறித்திருந்தாள்.

"படிச்சுப் பாக்காம டிக் அடிச்சிருக்கா, தூக்கிரும்மா" என்றார் பேராசிரியர், துறைக்குத் திரும்பி அந்தத் தாளைக் காட்டியபோது. ஒரே விடையாக வரும் தாள்களைக் கவனக்குறைவு என்று நீக்குவது எங்கள் துறையில் வழக்கம். நீக்கியதும் வினாத்தாளின் நம்பகத்தன்மை கூடியது.

அதே மாணவிகளிடம் சில வாரம் கழித்து மறுபடியும் விடை வாங்கவேண்டியிருந்தது. போனபோது கடைசி பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது.

"அவ இப்ப இல்லக்கா. தானாவே முடிச்சுக்கிட்டா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

ஓடிவந்து பேராசிரியரிடம் சொன்னேன். கணினியில் பட்டியலைத் திறந்து பார்த்தார்.

"நல்லவேளை, அந்தத் தாள மொதல்லயே எடுத்துட்டோம். கணக்கு மாறாது."