இன்னும் ஒரு சுற்று

என் மூத்தவன் சண்டைக் காலத்தில் காணாமற் போனவன். இளையவனுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் வேர்ஹவுஸ் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் ஆக்களின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு விளையாடுவான். நான் கம்பிவேலியோடு ஒதுங்கி நின்று பார்ப்பேன். நடக்கும்போது அவன் தகப்பனைப்போல. ஓடும்போது மட்டும், தலையை ஒருபக்கம் சரித்து, இடது கையை வீசாமல், அப்படியே மூத்தவன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இந்த வருடம் முழங்கால் ஏலாது என்றான். “கிண்ணத்திலை எண்டைக்குத் தோக்கிறமோ, அண்டையோடை சப்பாத்தைக் கழட்டுறன், அம்மா.”

அது நாடு முழுவதற்குமான கிண்ணம். முந்தியும் இப்படி ஒன்று இருந்து, நின்றுபோய், பிறகு திரும்பத் தொடங்கினதாம். எங்களைப்போலச் சின்னக் கழகங்கள் முதலில் மோத, சுற்றுக்குச் சுற்று பெரிய கழகங்கள் வந்து சேருமாம். கடைசியில் எல்லா மாநிலங்களிலுமிருந்து முப்பத்திரண்டு அணிகள் நிற்கும். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்களும் அதற்குள் இருப்பார்கள். காரில் போகும்போது சொன்னான்.

“தோத்த ஆக்களுக்குத் திருப்பி ஒருக்கா குடுக்க மாட்டினமோ?”

“லீக் எண்டால் அடுத்த கிழமை இருக்கு. இது கிண்ணம், அம்மா. தோத்தால் வீட்டை போகவேண்டியதுதான்.”

முதற்சுற்று வென்றார்கள். அடுத்த சுற்றுக்குக் குலுக்கல் போட்ட அன்று போனைப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு ‘பை’ அம்மா” என்றான். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போகிறவர்கள் சொல்லும் ‘பை பை’ என்றே நினைத்தேன்.

“ஐயோ, ஏன் அழுறியள்? பை எண்டால் எங்களோடை விளையாட ஆளில்லை. சும்மாவே அடுத்த சுற்றுக்குப் போறம்!”

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத மைதானம் ஒன்று அன்று முழுக்கக் கண்ணுக்குள் நின்றது.

அதற்கடுத்த சுற்று பின்னேரம் நடந்தது. இரண்டு பக்கமும் சமம். மேலதிக நேரம் கொடுத்தார்கள், அதிலும் சமம். வெளிச்சம் மங்க மங்க முகம் தெரியாமல் போய், ஓட்டம் மட்டும் தெரிந்தது. எனக்கு முன்னால் மூத்தவன்தான் ஓடினான். ஒருதரம் அவன் பேர் வாயால் வந்துவிட்டது.

“என்ன அன்ரி?” என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. குளிர்.”

பிறகு பெனால்ட்டி. இளையவன் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. எதிரணி கத்திக்கொண்டு ஓடியது. இவன் நொண்டி நொண்டி என்னிடம் வந்தான்.

“முடிஞ்சுது அம்மா. வாங்கோ, போவம்.”

நான் கம்பிவேலியை விடவில்லை. “தம்பி, இன்னும் ஒரு சுற்று ஓடன்” என்றேன்.

“கோச்சே விட்டிட்டார், நீங்கள் விடமாட்டியளோ?”

சிரிக்கப் பார்த்தவன் என் முகத்தைப் பார்த்தான். சப்பாத்து நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டு, வெறும் மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினான்.

காலை இழுத்து இழுத்து ஓடினான். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மூத்தவன் வரவில்லை, நோவோடு ஓடியது இளையவன்தான். தூரத்துக் கோலடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“காணும், ஓடினது போதும், வா தம்பி!” என்று கத்தினேன்.

அவனுக்குக் கேட்கவில்லைப் போலும். நிமிர்ந்து, மற்றப் பக்கத்தாலும் ஓட வெளிக்கிட்டான்.