மாப்பிள்ளை சொன்ன 'ஃபைன்'

அக்காவைப் பெண் பார்க்கத் துறையூரிலிருந்து வருகிறார்கள் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு காலையிலிருந்தே அமர்க்களப்பட்டது. அக்கா மட்டும் அடுப்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள். இண்டர்மீடியட் படிப்பு பாதியில் நின்றுவிடுமே என்ற கவலை அவளுக்கு. எனக்கு அப்போது எட்டு வயது.

மாப்பிள்ளை திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். பெற்றோரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா பலமுறை உள்ளே போய்க் கூப்பிட்ட பிறகுதான் அக்கா காபியோடு வந்தாள். கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஃபைன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் கான்வென்ட்டில் தாமதமாக வந்தால் ஃபைன் போடுவார்கள். அந்தச் சொல்லை நான் அறிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

"ஃபைன் போடாதீங்க. அக்கா வேணும்னு லேட்டா வரலை. உள்ளே அழுதுகிட்டிருந்தா. படிப்பை நிறுத்திடுவீங்களாமே" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாப்பாவை விடுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காபி நல்லாயிருக்குன்னுதாம்மா சொன்னேன். அபராதத்துக்கும் அதே வார்த்தைதான். ரெண்டுமே லத்தீன்ல ஒரே சொல்லிலேர்ந்து வந்தது. அதுக்கு 'முடிவு'ன்னு அர்த்தம். அபராதம் கட்டினா வழக்கு முடிஞ்சுது. ஒண்ணைக் குறையில்லாம செஞ்சு முடிச்சா நல்லாயிருக்குன்னு சொல்றோம்."

பிறகு அப்பாவிடம், "இந்த விஷயத்துல முடிவை உங்க பொண்ணே சொல்லட்டுங்க. படிக்கறதுன்னா எனக்கு சந்தோஷம்தான். பரீட்சை முடிஞ்சு கல்யாணம் வச்சுக்கலாம். மேலேயும் படிக்கட்டும்" என்றார். அவருடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தாரோ, கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அப்பா என்னை வகையாகத் திட்டினார். பிறகு, "நீ என்னம்மா சொல்றே?" என்று அக்காவைக் கேட்டார்.

"சரிப்பா" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அவள் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், "அவர் என்ன சொன்னார்? முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். சொன்னேன். "படிக்கட்டும்னு எப்படிச் சொன்னார்?" அதையும் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள்தானே. எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்குக் காது கேட்கவில்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா சிரித்தாளே தவிர, டாக்டரிடம் கூட்டிப்போவதாகவே தெரியவில்லை.