கடலூரு, இருக்கியா?

காதை அழுத்தும் ஹெட்செட்டிலிருந்து சுட்ட ரப்பர் வாசனை வரும். மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த டெலிபோன் எக்சேஞ்சில் ஒரே ஒரு ஃபேன்தான். அதுவும் எங்களுக்காக இல்லை, கால்களை இணைக்கும் போர்டு சூடாகாமல் இருப்பதற்காக...

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எண்பது தாண்டிவிட்டேன். இனி யாருக்குப் பயந்து மறைப்பது?

அந்தக் காலத்தில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த முனையில் நான் வயரைச் சொருகுவேன். அந்த முனையில் ஒரு பெண் எடுப்பாள். நாங்கள் பேரைச் சொல்லிக்கொள்வதில்லை, ஊரைத்தான் சொல்லிக்கொள்வோம். அவளுக்கு நான் கடலூர். எனக்கு அவள் சிதம்பரம்.

தினமும் காலையில் முதல் வேலை லைன் டெஸ்ட். "கேக்குதா?" "கேக்குது." அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பிட்டாயா என்றும், தலைவலி போயிற்றா என்றும் சேர்ந்துகொண்டது. இப்போதுதான் சிரித்து முடித்தவள் மாதிரி ஒரு குரல் அவளுக்கு. அவள் லீவு போட்ட நாளில் வேறு குரல் எடுத்தால் எனக்கு அன்றைக்கு எதுவும் ஓடாது. சிநேகம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல் அடித்தது. ஆலப்பாக்கம் பக்கம் கம்பங்கள் சாய்ந்து சிதம்பரம் லைன் மூன்று நாள் செத்துக் கிடந்தது. கால் மணிக்கு ஒருதரம் சொருகிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தேன்.

நான்காம் நாள் மத்தியானம், இரைச்சலுக்கு நடுவே...

"கடலூரு... இருக்கியா?"

என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. "இருக்கேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் லைனை விடவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அது வெறும் சிநேகம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பயமாகவும் இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவளைப் பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினேன். ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டதற்கு, "நான் பேசுறேன், நீ திரும்பு" என்றிருந்தாள்.

சிதம்பரம் பிளாட்ஃபாரத்தில் கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல். திரும்பினேன். என்னைவிட ஒரு சாண் உயரம். நல்ல கறுப்பு. தடித்த கண்ணாடி. கையில் மடக்காத ஈரக்குடை. பேர் தனலட்சுமி என்றாள். நான் ஜெசிந்தா என்றேன். தினமும் பேசியவர்கள், பேர் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டோம்!

கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கிறிஸ்தவப் பெண் நான் உள்ளே வரலாமா என்று தயங்கினேன். "சும்மா வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குளத்துப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீர் முழுக்கக் கோபுரம் கிடந்தது. அப்போதுதான், எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், ஈஸ்டர் கழிந்து எங்கள் சர்ச்சில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கப் போகிறார்கள் என்று சொன்னேன்.

அவள் குடையை மடக்கிப் படியில் வைத்தாள்.

"நம்மள மாதிரி வேற யாராச்சும் இருப்பாங்களா, தனம்?"

"தெரியல. நீ இருக்குற, நான் இருக்கேன். ரெண்டு பேரு இருந்தா மூணாவது ஆளு எங்கனாச்சும் இருக்கும்."

"எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான். அதுக்காவ இல்லன்னு சொல்லிட முடியுமா?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். வேலையை விட முடியாது என்று மட்டும் சொன்னேன். ஒரு மாசம் அவர் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

தனம் கடலூருக்கு மாற்றல் கேட்டு எழுதினாள். இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை கிடைத்தது. ஒரு டிரங்குப் பெட்டியும் அதே குடையுமாக வந்து இறங்கினாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீடு. தெருவில் எங்களை "டெலிபோன் அக்காங்க" என்பார்கள். வேலைக்குப் போகிற பெண்கள், துணைக்குத் துணை என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

தனம் போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் "நோயாளிக்கு உறவு" என்ற இடத்தில் சிஸ்டர் "ஃப்ரெண்ட்" என்று எழுதிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்கிறீர்களா?

அடுத்த மாசம் சென்னையில் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு கலைவிழா நடத்துகிறார்கள். நாடகம், ஓவியம், பாட்டு, கதை சொல்லல்... மூன்று நாள். அழைப்பில் போட்டிருந்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எத்தனை பேர், எத்தனை முகம்! முகத்தை மறைக்காமல், சொந்தப் பேரோடு. நாங்கள் வயருக்குள் மூச்சு விட்டுப் பேசியதை, இந்தப் பிள்ளைகள் மேடை போட்டு, மைக் வைத்துப் பேசுகிறார்கள்.

என்னையும் பத்து நிமிஷம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று விழாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். போஸ்டரில் என் பேச்சு விவரத்துக்குக் கீழே தனத்தின் போட்டோவும் போடப் போகிறார்களாம். அவுங்க உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

மெதுவாகச் சொன்னேன், "அவ என் வாழ்க்கைத் துணைம்மா."

மறுமுனையில் என்ன வருமோ என்று காத்திருந்தேன்.

"சரிங்கம்மா, எழுதிக்கிட்டேன். தனலட்சுமிக்கு 'ட்சு' போடணுமா, 'க்ஷ்' போடணுமா? போஸ்டர்ல தப்பா வந்துடக் கூடாது, அதான்."