ஷட்டருக்குள் ஒரு வில்லாளி

நீங்கள் தூங்கும்போது, கம்ப்யூட்டர் விளையாட்டில் உங்கள் வில்லாளி எப்படி வளர்கிறான்? நேற்றுவரை ஓட்டைத் தொப்பியும் உளுத்த வில்லுமாகத் திரிந்தவன், இன்று பறக்கும் பாம்பை ஒரே அம்பில் சாய்க்கிறானே, அந்தத் திறமையை அவனுக்குள் ஏற்றியது யார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? "பணம் கட்டினேன், கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஆடி ஏற்றித் தந்தார்கள்" என்பீர்கள். அந்தத் 'தந்தார்கள்' என்ற சொல்லுக்குள் ஆட்கள் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் கதை இது.

கம்ப்யூட்டர் விளையாட்டில் அடுத்தவருக்காக ஆடிக்கொடுப்பது அவள் பிழைப்பு. ஒரு பாத்திரக் கடையின் பின்பக்கத்து நீள அறைதான் வேலையிடம். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே வர, வெளியே போக ஒரே ஒரு ஷட்டர். எப்போதும் வில்லாளியாகவே ஆடுவதால் அவளுக்கு 'வில்லி' என்று பேர் விழுந்தது. "பரவாயில்லை, வில்லிக்குத்தான் வசனம் ஜாஸ்தி" என்று சிரித்துக்கொள்வாள்.

அவள் அம்மாவுக்குத்தான் அந்த வேலை விளங்காது.

"என்ன வேலைன்னு கேக்குறவங்களுக்கு நான் என்னடி சொல்றது?"

"அம்பு விடுற வேலைன்னு சொல்லும்மா."

"அப்படியா? அந்த அம்புல ஒண்ணை எடுத்து அடுப்படியில ஓடுற எலியை அடிச்சுக் குடேன்."

காலையில் எல்லோரும் செல்போனை வாசலுக்கு வெளியே ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். பிறகு ஷட்டர் இறங்கும். வெளியிலிருந்து பூட்டு விழும். முன்பு எவனோ ஒருவன் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களைச் சுருட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டானாம். ஓடியவன் ஒருவன், பூட்டு எல்லோர் காலுக்கும். இதற்கு முதலாளி வைத்த பெயர் பாதுகாப்பு.

அங்கே புதிதாக வந்து சேர்ந்தவர் ஒரு லாரி டிரைவர். ஐம்பது தாண்டியவர். முதுகு போய்விட்டதால் வண்டியை விட்டவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை வில்லிக்கு வந்தது.

"அண்ணே, புதுசா வர்றவங்க, ஜெயிச்சுக் கிடைக்கிற திறமைப் புள்ளியை எல்லாம் பலத்துல கொட்டிடுவாங்க. வில்லுக்குக் கை லாவகம்தான் வேணும். அதுல போடுங்க."

"லாரியும் அப்படித்தாம்மா. ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டுறவன் டிரைவர் இல்ல."

"ஓடிக்கிட்டே விடாதீங்க, குறி தப்பும். நின்னு, நாணை முழுசா இழுத்து விடுங்க. மேடு இருந்தா ஏறிக்கோங்க. சில்லறைப் பூதத்துக்கெல்லாம் நெருப்பு அம்பை வீணடிக்காதீங்க. முக்கியமா, முதல் அடி நீங்க அடிக்கக் கூடாது. கூட்டத்துல கேடயம் வச்சிருக்கவர் ஒருத்தர் இருப்பாரு. அவர் அடிச்சு மிருகம் அவர் பக்கம் திரும்பினதும்தான் நீங்க. முந்திக்கிட்டீங்கன்னா அது உங்க மேல பாயும். நமக்குக் கவசம் கிடையாது."

டிரைவர் அம்பு விட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். குகைச் சுவரில் முதுகு முட்டியது. ஓநாய் கடித்துக் குதறிவிட்டது.

"எல்லாரும் சாகுற இடம் இதுதாண்ணே. வில்லாளியோட உயிர் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற வழியிலதான் இருக்கு. சண்டைக்கு முன்னாடியே திரும்பிப் பாத்துக்கணும்."

கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தே காலம் தள்ளிய மனிதர் அல்லவா? நாற்காலியோடு திரும்பினார். மூடிய ஷட்டரை நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, அப்ப நமக்கு வழி எங்க?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் ஷட்டரைப் பார்ப்பாள். மறுபடி ஆடுவாள்.

ஒருநாள் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூலையிலிருந்த யூபிஎஸ் பேட்டரி உப்பிப் புகைந்தது. அழுகிய முட்டை நாற்றம். கண் எரிந்தது. ஆளாளுக்கு ஷட்டரைத் தட்டினார்கள். பாத்திரக் கடையின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? செல்போன்களோ வெளியே டப்பாவில். கம்ப்யூட்டரில் விளையாட்டைத் தவிர வேறெதுவும் திறக்காது. விளையாட்டுக்குள் ஆடுபவர்கள் எல்லோரும் படிக்கும் பொது அரட்டையில் வில்லி எழுதினாள்: 'நாங்க உள்ள பூட்டிக் கிடக்கோம். புகை வருது. யாராவது உதவி பண்ணுங்க.' ஊர், தெரு, கடையின் பெயர் எல்லாம் எழுதினாள்.

பதில்கள் வந்தன. 'செம நடிப்பு.' 'எந்தக் குகை, சொல்லு, வர்றோம்.' ஒருவன் சிரிக்கும் பொம்மை முகத்தை அனுப்பினான்.

டிரைவர்தான் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரியின் வயரைப் பிடுங்கி எறிந்தார். ஷட்டரின் அடியிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு எல்லோரும் தரையில் கிடந்தார்கள். முதலாளி சாவகாசமாக வந்து திறந்தார்.

அன்றே வெளியில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி பூட்டக் கூடாது. இதை யார் சொல்வது? எப்போதும் கேடய வீரனாக ஆடுகிற, அங்கே வேலையில் மூத்தவர். முதலாளி மதிக்கிற ஒரே ஆள் அவர்தான். "நாளைக்குச் சாயங்காலம் நான் ஆரம்பிக்கிறேன், அப்புறம் எல்லாரும் பேசுங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் முதலாளி மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"கடவுள் காப்பாத்திட்டாருப்பா. உங்க எல்லாருக்கும் ஆயுசு கெட்டி!"

கடவுளாம்! வயரைப் பிடுங்கியது டிரைவரின் கை. கொப்புளம் வந்ததும் அந்தக் கையில்தான். சாவி தொங்கியது முதலாளியின் இடுப்பில். மனிதன் பூட்டிய பூட்டுக்கு விதியைப் பொறுப்பாக்குவதைப் போல வசதியான ஏமாற்று உலகத்தில் வேறு இல்லை. வில்லியால் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை.

"கடவுள்கிட்ட சாவி இல்ல சார், உங்ககிட்டதான் இருக்கு. இனிமே வெளியில பூட்டாதீங்க."

"நீ மட்டும்தான் சொல்றியா, எல்லாருமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கேடயக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு மௌஸைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் குனிந்தார். டிரைவர் பாதி எழுந்தார். வீட்டில் இருக்கும் வாய்களை நினைத்தாரோ என்னவோ, மெதுவாக உட்கார்ந்தார். யாரையும் குறை சொல்லி என்ன? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவளே மறந்துவிட்டாள். கேடயத்துக்கு முன்னால் அம்பு விட்டுவிட்டாள்.

"பயமா இருந்தா வீட்டுல இரும்மா" என்றார் முதலாளி. டப்பாவிலிருந்து அவள் செல்போன் மட்டும் கைக்கு வந்தது. அவள் வெளியே நிற்க, ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்த சத்தத்தை முதல்முறையாக அவள் தெருவிலிருந்து கேட்டாள்.

பிறகு டிரைவரை ஒருநாள் பேருந்தில் பார்த்தாள்.

"இன்னும் பூட்டுறாராண்ணே?"

"பூட்டுறாரு. பேட்டரியை மட்டும் புதுசா மாத்திட்டாரு. அது எங்களைவிட விலை ஜாஸ்தியாச்சே."

அவளுக்கு அதே தொழிலில் வேறு கடை கிடைத்தது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் ஷட்டர்தான். அங்கேயும் பூட்டு வெளியில்தான். வேறு தொழில் தெரியாது. வீட்டில் அம்மா இருக்கிறாள். வில்லை எடுத்தாள். இதை நீங்கள் படிக்கும் இந்த நேரத்தில் அவள் யாருக்கோ ஒரு வில்லாளியை மேடேற்றிக்கொண்டிருக்கிறாள். அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அவள் பேசினால் முதலாளிக்குப் பயமில்லை, வேறு ஆள் வரும். அவர் பயப்படுவது வாடிக்கையாளருக்கு, அதாவது உங்களுக்கு. வேலை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இல்லை. அதைவிடக் கெட்டியான கவசம் எது? ஆகவே, அடுத்தமுறை உங்கள் கணக்கை ஒப்படைக்கும் முன் கேளுங்கள்: "எனக்காக ஆடுகிறவர்களின் கதவு உள்ளேயிருந்து திறக்குமா?" திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அந்த முதல் அடியை நீங்கள் அடியுங்கள்.