உச்சிக்கு ஏறிய கோடு

கல்கத்தா பாலிகஞ்சில் நான் வேலை பார்த்த லேபுக்கு அந்தப் புது மெஷின் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்கிறதா என்று அது கோடு போட்டே காட்டிவிடும்! வேலை செய்தால் கோடு தாழ்ந்து ஓடும். இல்லாவிட்டால் விறுவிறுவென்று ஏறும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்த, பெஹாலா பகுதியில் குடியிருந்த தமிழர் ஒருவருக்குக் கோடு உச்சிக்கே ஏறியது. திருடனைப் பிடித்துவிட்ட துள்ளலில், எல்லார் முன்னாலும் கேட்டேன்: "மாத்திரையே போடலை, இல்லையா அங்கிள்?"

அவர் பையிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட காலி மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். "துறைமுக ஸ்டோர்ஸ்ல வேலை பார்த்தவன்மா. காலியைக் காட்டாம புதுசு எடுத்துப் பழக்கமில்லை."

மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தேன். அதே உச்சி. ஒரு வேளைகூட விடாமல் போட்டும் அந்த மாத்திரை அவருக்குக் கேட்கவில்லை! ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் மருந்தை மாற்றினார்.

பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கோடு கொஞ்சம் எழும்பி, அப்படியே படுத்துவிட்டது. "அங்கிள், இந்த மருந்து கேட்குது!" என்று கத்தியேவிட்டேன்.

அவரும் சிரித்தார். சிரித்தபடியே, யாரும் கேட்காமல், புது மருந்தின் காலி அட்டையை என் பக்கம் நீட்டினார்.

அதை வாங்க என் கை எழவில்லை.