வாயைத் திறங்க, ஒரு புள்ளைக்காக

எலும்பு மஜ்ஜை கொடுக்க ஆள் தேடுகிற வேலையில் நாள் பூராவும் அடுத்தவர் வாயைத்தான் பார்க்க வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால்தான் யாருக்கு யார் பொருந்துவார் என்று தெரியும். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

அண்ணன்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி போட்டிருக்கிறவர் செல்வராசு. மகள் தேன்மொழிக்குப் பத்தொன்பது வயது, ரத்தப் புற்றுநோய். மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்குப் பொருந்தும் என்று குடும்பமே நம்பியிருந்தது, பொருந்தவில்லை. அவன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்: "சின்னதுலேர்ந்து அவகூடச் சண்டை போட்டுக்கிட்டே இருந்தேங்க. அதனாலயா?"

ஐஸ் கம்பெனி வாசல்

தேன்மொழி படத்தோடு ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைக்குப் போய், படகுக்காரர்கள் கூடுகிற ஐஸ் கம்பெனி வாசலில் நின்றேன். முதுகெலும்பை உறிஞ்சிவிடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். "பொருந்தினா அஞ்சு நாள் ஊசி. அப்புறம் கையில ரத்தம் எடுத்து, வேணுங்கிறதப் பிரிச்சுக்கிட்டு மிச்சத்தத் திருப்பி ஏத்திருவாங்க" என்று கத்திக் கத்திப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. விசைப்படகில் போகிற முருகேசன் மட்டும் வந்து வாயைத் திறந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். அவர் போட்ட சத்தம் இதுதான்: "கடலுக்குப் பயப்படல, குச்சிக்குப் பயப்படுறீங்களேடா, வாங்கடா இங்கிட்டு!"

போன் நம்பர்

கடலுக்குப் போகிறவர்கள் படிவத்தில் வீட்டுக்காரி நம்பரைத்தான் எழுதுவார்கள். சில மாதம் கழித்து, முருகேசன் யாரோ ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறார் என்று தகவல் வந்தது. சந்தோஷத்தில் போன் போட்டு, "முருகேசன் விஷயமாப் பேசணும்" என்று ஆரம்பித்தேன், மடையன். அன்றைக்குப் படகு கடலில். "ஐயோ, இலங்கை நேவி புடிச்சுட்டாங்களா?" என்று அந்தப் பக்கம் ஒரே அலறல். விஷயத்தைப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு அந்த மகராசி சொன்னார்: "புடிக்கலல்ல? அப்பக் கரைக்கு வரட்டும், வேணுங்கிறத எடுத்துக்கங்க."

முருகேசனும் வந்தார். "அந்தப் படத்துப் பாப்பாவுக்கா?" என்றார். யாருக்கு என்று சொல்வதில்லை, எனக்கே தெரியாது என்றேன். "அதுக்கு இல்லேன்னா அது மாதிரி ஒண்ணுக்கு. ஊசியப் போடச் சொல்லுங்க."

செல்வராசு

தேன்மொழிக்கும் ஒருவர் கிடைத்தார்! யார், எந்த ஊர், தெரியாது. இப்போது வீட்டில் இருக்கிறாள். முடி வளர்ந்திருக்கிறது, அண்ணனோடு சண்டையும் வளர்ந்திருக்கிறது. செல்வராசு என் முகாம்களுக்கெல்லாம் வந்து வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுகிறார். மணமேல்குடியில் டீ கொண்டுவந்தவரையும் கும்பிட்டார். "அவரு டீக்கடைக்காரருங்க" என்றேன். "குடுத்தது யாருன்னு தெரியாதுல்லங்க. யாரையும் விட முடியாது."

அந்த டீக்கடைக்காரரும் அன்றைக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார். இத்தனை நாள் நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் தண்டம்.